கடல் ஓட்டில் குழைத்த காவி

நேயர்களுக்கு வணக்கம்.

தென்னாப்பிரிக்காவின் தெற்குக் கடற்கரையில் ப்ளோம்போஸ் என்றொரு குகை இருக்கிறது. சின்னக் குகைதான். கிறிஸ்டோபர் ஹென்ஷில்வுட் குழுவினர் 2008-இல் அங்கே தோண்டியபோது, அபலோன் என்னும் பெரிய கடல் நத்தையின் ஓடுகள் இரண்டு கிடைத்தன. கிண்ணம் போலக் குழிந்த அந்த ஓடுகளுக்குள் சிவப்பு அப்பியிருந்தது. வயது, ஏறக்குறைய 1,00,000 ஆண்டுகள்.

அந்தச் சிவப்பு, காவி. இரும்பு ஆக்சைடு நிறைந்த கல்லிலிருந்து வருவது. நம் வாசலில் கோலத்துக்குக் கரை கட்டுகிறோமே, அந்தக் காவியின் இனம்தான்.

கல்லைப் பொடித்தார்கள், பூசினார்கள், இதில் என்ன இருக்கிறது என்று தோன்றலாம். அந்த ஓட்டுக்குள் ஒரு சமையலே நடந்திருக்கிறது! காவிக்கட்டியைப் பாறையில் தேய்த்துத் தூளாக்கியிருக்கிறார்கள். எலும்பைச் சூடாக்கி நொறுக்கிப் போட்டிருக்கிறார்கள்; அதன் கொழுப்பில் தூள் நன்றாகக் குழையும். அப்புறம் கொஞ்சம் கரி. கடைசியில் ஏதோ திரவம் ஊற்றிப் பதமாகக் கிளறியிருக்கிறார்கள். நாய் இனத்து விலங்கு ஒன்றின் முன்கால் எலும்பும் பக்கத்திலேயே கிடந்தது. அதன் முனையில் காவி. கலவையை எடுக்க அதுதான் கரண்டி.

கலவையில் பிசின் இல்லை. ஆகவே ஈட்டி முனையை ஒட்டும் பசையாக இது இருந்திருக்காது. உடம்பிலோ தோலிலோ பூசத்தான் இத்தனை பாடு என்பது என் எண்ணம்.

இதே குகையில் கிடைத்த, குறுக்கும் நெடுக்குமாகக் கோடு கீறிய காவிக்கட்டிதான் உலகப் புகழ் பெற்றது. அது ஏறக்குறைய 75,000 ஆண்டு பழையது. எனக்கு என்னவோ இந்த ஓடுகள்தான் பெரிது. கடலோரம் போய் ஓடு, வேறோர் இடத்தில் காவிக்கல், வேட்டையில் எலும்பு, அடுப்பில் கரி என்று ஒவ்வொன்றாகச் சேர்த்து, எதற்குப் பின் எது என்று மனத்தில் வைத்திருந்தவர்கள் அவர்கள். அந்தப் பதத்தை யாரோ யாருக்கோ பக்கத்தில் உட்கார வைத்துத்தான் சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும்.

சிவப்புக்காக மலையைக் குடைந்தவர்களும் உண்டு. எஸ்வாட்டினி நாட்டின் ங்வென்யா மலையில் குறைந்தது 40,000 ஆண்டுகளுக்கு முன்பே சுரங்கம் வெட்டியிருக்கிறார்கள்.

ப்ளோம்போஸில் வேலை முடிந்ததும் எல்லாவற்றையும் அப்படியே வைத்துவிட்டுப் போய்விட்டார்கள். காற்று கொண்டுவந்த மணல் மேலே மூடிக்கொண்டது. தோண்டியெடுத்த அன்றும் ஓர் ஓட்டின் மேல் அரைத்த கல் இருந்தபடியே இருந்தது.