கித்துல்கலயிலிருந்து முகத்துவாரம் வரை: துடுப்பால் கடந்த களனி

வணக்கம் நேயர்களே. கொழும்பு முகத்துவாரத்தில், களனி கங்கை கடலோடு சேரும் இடத்தில் நின்று பேசுகிறேன். நானும் என் நண்பர்கள் நால்வரும் கித்துல்கலயில் துடுப்பெடுத்து, மூன்று கயாக்குகளில், இயந்திரத்தின் துணையில்லாமல் நான்கு நாட்களில் இங்கே வந்து சேர்ந்திருக்கிறோம்.

2016 மே வெள்ளத்தின்போது கொலன்னாவையிலுள்ள எங்கள் வீட்டில் ஜன்னல் மட்டத்துக்கு ஏறி நின்றது இந்த ஆற்று நீர்தான். அம்பத்தலேயில் சுத்திகரிக்கப்பட்டு எங்கள் குழாயில் நாள்தோறும் வருவதும் இதுவே. அப்படிப்பட்ட ஆற்றைப் பாலத்தின் மேலிருந்து மட்டுமே பார்த்திருக்கிறோம் என்ற குறை எனக்கு நெடுநாளாக இருந்தது.

கெஹெல்கமு ஓயாவும் மஸ்கெலியா ஓயாவும் கலந்து உருவாகும் களனியின் நீளம் 145 கிலோமீற்றர். அந்த இரண்டு ஓயாக்களையும் மறித்துக் காசல்ரீ, மவுசாக்கலை நீர்த்தேக்கங்கள் அமைந்திருப்பதால், கித்துல்கலயில் நீரின் வேகம் மழையை மட்டுமல்லாமல், மின்நிலையங்கள் நீரைத் திறந்துவிடும் நேரத்தையும் பொறுத்திருக்கிறது. காலையில் கயாக்கின் அடியை உரசிய பாறைகள் நண்பகலில் நுரைக்குள் மறைந்துவிட்டன. எது ஆழம், எது பாறை என்று அறியாமல் ஒருமுறை கவிழ்ந்தும் போனோம்.

எட்டியாந்தோட்டை, ருவன்வெல்ல ஆகிய இடங்களைக் கடந்து, அவிசாவளையருகே சீதாவக்க கங்கை வந்து கலந்த பின் ஆறு அகன்று அமைதியானது. ஆனால், பயணத்தின் கடினமான பகுதி அந்த அமைதிக்குப் பிறகே தொடங்கியது என்பதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன்.

அம்பத்தலேயில் உவர்நீர் மேலேறாதபடி தடுப்பணை கட்டியிருக்கிறார்கள்; கயாக்குகளைத் தோளில் சுமந்து கரைவழியே அதைக் கடந்தோம். பல ஆண்டுகளாக மணல் அள்ளியதால் ஆற்றின் படுகை தாழ்ந்துபோக, வறட்சிக் காலத்தில் கடல்நீர் உள்ளே வெகுதூரம் ஏறி, நகரத்தின் குடிநீரையே தொட்டுவிடக்கூடிய நிலை உண்டாகியிருக்கிறது. களனிப் பாலத்தருகே நான் எடுத்த காட்சியை இப்போது பாருங்கள்: இந்த ஆகாயத்தாமரைக் கொத்து கடலை நோக்கிப் போகவில்லை, எங்களுக்கு எதிரே மலைப்பக்கமாக மெல்ல மிதந்து வருகிறது. கடலேற்றமும் மாலைக் கடற்காற்றும் சேர்ந்து அதைத் தள்ளின. நாங்கள் துடுப்பை நிறுத்திய கணமெல்லாம் கயாக்கும் அதனோடு பின்னோக்கி நகர்ந்தது. கடைசி நாளில் நாங்கள் கடந்த தூரம் மிகக் குறைவு, துடுப்பு வலித்த நேரமோ மிக அதிகம்.

இங்கே கரையேறியபோது வலை உதறிக்கொண்டிருந்த முதியவர் ஒருவர், "எங்கயிருந்து தம்பி வாறீங்க?" என்று கேட்டார். "கித்துல்கலயிலிருந்து, ஐயா" என்றேன். ஒன்றும் பேசாமல் என் உள்ளங்கையைத் திருப்பி, கொப்புளங்களைப் பார்த்துவிட்டு, தேங்காயெண்ணெய் எடுத்து வரத் தம் குடிசைக்குள் போனார்.