நடுவில் கை தட்டினால் என்ன?

நேயர்களுக்கு வணக்கம். ராயபுரத்தில் எங்கள் கோயில் கொயரில் முப்பது வருடமாக வயலின் வாசிக்கிறேன். மொத்த ஆர்கெஸ்ட்ராவும் சேர்ந்து வாசிக்கிற பெரிய படைப்பு சிம்பொனி, அப்புறம் ஆர்கெஸ்ட்ராவோடு பியானோ முன்னால் நின்று வாசிக்கிற பியானோ கான்செர்ட்டோ, இரண்டையும் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். பார்ப்போம்.

ஒரு தடவை என் மச்சானை ஆர்கெஸ்ட்ரா கச்சேரிக்கு அழைத்துப் போனேன். காசிமேட்டில் ஐஸ் வியாபாரம் அவருக்கு. தொடங்கும் முன் ஓபோ என்ற ஊது வாத்தியக்காரர் ஒரு ஸ்வரத்தைப் பிடிக்க, மற்ற எல்லாரும் அதற்குச் சுருதி சேர்த்தார்கள். “இன்னா மச்சான், நாயனம் மாதிரி கீது?” என்றார். நல்ல காது! ஓபோவுக்கும் நாயனம் போலச் சீவாளிதான்.

முதல் பகுதி தடதடவென்று முடிந்தது. மச்சான் கையைத் தூக்கிப் படபடவென்று தட்டிவிட்டார். மொத்த அரங்கில் அவர் ஒருவர்தான். முன்வரிசையிலிருந்து ஓர் அம்மா திரும்பி ஒரு பார்வை பார்த்தார். அவ்வளவுதான், கையைத் தொடைக்கடியில் வைத்துக்கொண்டவர், கடைசியில் எல்லாரும் எழுந்து தட்டியபோதும் எடுக்கவில்லை.

சிம்பொனிக்குப் பெரும்பாலும் நாலு பகுதி. நடுவில் தட்டக் கூடாது என்பது பின்னால் வந்த பழக்கம். இசையமைப்பாளர் மொசார்ட் 1778-ல் பாரிசில் ஒரு சிம்பொனி போட்டார். அப்போது வயது 22. அப்பாவுக்கு அவர் எழுதிய கடிதத்தைப் பாருங்கள். முதல் பகுதியின் நடுவில் ஓர் இடம், ஜனங்களுக்குப் பிடிக்கும் என்று தெரிந்தே வைத்தது. வாசிக்கும்போதே கைத்தட்டல்! அந்த ஊரில் கடைசிப் பகுதியை எல்லா வாத்தியமும் சேர்ந்துதான் ஆரம்பிப்பார்களாம். இவர் வயலின்களை மட்டும் மெல்ல வாசிக்க விட்டார். சபையில் “உஷ்” என்றார்கள். சட்டென்று மொத்த வாத்தியமும் பலமாகச் சேர்ந்துகொண்டது, மறுபடி கைத்தட்டல். சந்தோஷத்தில் மொசார்ட் நேரே போய் ஐஸ்கிரீம் சாப்பிட்டு, வேண்டிக்கொண்டபடி ஜெபமாலை சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனார். மச்சானிடம் இதைச் சொன்னேன். ஐஸ் என்றதும் முகம் மலர்ந்துவிட்டது.

1813-ல் வியன்னாவில் இன்னொரு இசையமைப்பாளரான பேத்தோவனின் ஏழாவது சிம்பொனி. இரண்டாம் பகுதிக்கே ‘ஒன்ஸ் மோர்’ கேட்டு வாங்கிவிட்டார்கள். நம் கானா மேடையில் நடக்கிற அதே சங்கதி. அதனால்தான் சொல்கிறேன், தட்டத் தோன்றினால் தட்டுங்கள். மெல்லிய இடத்தில் வேண்டாம், அந்த இடம் உங்களுக்கே தெரியும்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம், நேரம் முடிகிறது என்று கையைக் காட்டுகிறார்கள். கான்செர்ட்டோவைத் தொடவே இல்லையே! சரி, ஒன்றே ஒன்று. அதற்கு வழக்கமாக மூன்று பகுதி. முதல் பகுதி முடியப்போகும் நேரத்தில் ஆர்கெஸ்ட்ரா நின்றுவிடும், பியானோ மட்டும் தனியாக ஓடும். கடென்சா என்பார்கள், நம் தனி ஆவர்த்தனம் மாதிரி. பேத்தோவனின் நாலாவது கான்செர்ட்டோவைப் பற்றி இரண்டு பக்கம் எழுதி வந்தேன், அது பையிலேயே இருக்கிறது. மச்சான் வீட்டில் கேட்டுக்கொண்டிருப்பார். அடுத்த கச்சேரிக்கு உங்களுக்கும் சேர்த்து டிக்கெட் எடுத்துவிட்டேன், மச்சான். வணக்கம்.