காசுக்கு ரெண்டு: ஒரு பழைய பாட்டில் கேட்கும் இன்றைய அரசியல்

வானொலி நேயர்களுக்கு என் வணக்கம்.

தமிழ்நாட்டில் பிள்ளைப் பருவத்தைக் கழித்தவர்களில் பெரும்பாலோர் இந்த நான்கு வரிகளை ஒருமுறையாவது கேட்டிருப்பார்கள்.

"ஊரான் ஊரான் தோட்டத்திலே
ஒருத்தன் போட்டான் வெள்ளரிக்கா
காசுக்கு ரெண்டு விக்கச் சொல்லி
காயிதம் போட்டான் வெள்ளக்காரன்"

இயற்றியவர் பெயர் இல்லாமல் வாய்வழியாகவே வந்த பாட்டு இது. கைதட்டிப் பாட வாகான சந்தம் அமைந்திருப்பதால் பலரும் இதை விளையாட்டுப் பாட்டாகவே நினைக்கிறார்கள். என்னைப் பொறுத்தவரை, நம்முடைய நாட்டுப்புற இலக்கியத்தில் இதைவிடக் கூர்மையான அரசியல் பாட்டைக் காண்பது அரிது.

தோட்டம் ஒருவனுடையது, பாடுபட்டவன் மற்றொருவன், விலை சொன்னவன் மூன்றாமவன். அந்த மூன்றாமவன் தோட்டத்துப் பக்கம் வந்ததாகப் பாட்டில் இல்லை. அவன் விதைக்கவில்லை, நீர் இறைக்கவில்லை, காவல் இருக்கவுமில்லை. காயிதம் மட்டும் போட்டான். விளைபொருள் வெள்ளரிக்காயாக இருப்பதும் கவனிக்கத் தக்கது. நெல்லையோ கேழ்வரகையோ குதிரில் கொட்டி வைத்து நல்ல விலைக்குக் காத்திருக்கலாம். வெள்ளரிக்காயோ பறித்த மறுநாளே வாடத் தொடங்கிவிடும். காத்திருக்க வழியில்லாதவனிடம்தான் சொன்ன விலைக்கு விற்றுவிடு என்று கட்டளையிட முடியும் என்பதைப் பாடியவர்கள் அறிந்திருந்தார்கள்.

சென்னை மாகாணத்தில் கிழக்கிந்தியக் கும்பெனியார் நடைமுறைப்படுத்திய இரயத்துவாரி முறை, அதாவது குடியானவனிடமே நேரடியாக நிலவரி வாங்கும் முறை, இந்தப் பாட்டு சொல்வதைப் போலத்தான் இயங்கியது. நிலவரி பணமாக விதிக்கப்பட்டது. விளைச்சல் பொய்த்தாலும் விலை சரிந்தாலும் கிஸ்தி என்னும் வரித் தவணையைக் கட்டியாக வேண்டும் என்பதால், அறுவடையான உடனே, ஊர் முழுவதும் விற்பனைக்கு வந்து நிற்கும் நேரத்தில், கிடைத்த விலைக்கு விற்பதைத் தவிர குடியானவனுக்கு வேறு வழி இருக்கவில்லை.

அந்த வரி எப்படி வசூலானது என்பதில்தான் அரசியல் பொய்யின் முழு வடிவமும் வெளிப்படுகிறது. வரி கட்டாத குடியானவர்களைச் சித்திரவதை செய்கிறார்கள் என்று 1854இல் இலண்டன் நாடாளுமன்றத்தில் பேச்சு எழுந்தபோது, கும்பெனியின் தரப்பார் அதை மறுத்தார்கள். பிறகு சென்னையில் எலியட், ஸ்டோக்ஸ், நார்ட்டன் என்ற மூவரைக் கொண்ட விசாரணைக் குழு அமைக்கப்பட்டு, 1855இல் அதன் அறிக்கை வெளிவந்தது. முறையிட வந்தவர்களில் நூற்றுக்கணக்கான மைல் கடந்து வந்தவர்களும் இருந்தார்கள். விரல்களைக் கட்டைகளுக்கிடையே வைத்து நெரிக்கும் கிட்டியும், உடலை வளைத்துக் கட்டி வெயிலில் நிறுத்தும் அண்ணந்தாளும் வரி வசூலுக்குப் பயன்பட்டன என்பதை அந்த அறிக்கை ஐயத்துக்கு இடமின்றி ஒப்புக்கொண்டது.

ஆனால் அதே அறிக்கை, இந்தக் கொடுமைகளில் ஐரோப்பிய அதிகாரிகளுக்குப் பங்கில்லை என்றும், மக்கள் தங்கள் நாட்டவரான கீழ்நிலை ஊழியர்களிடமிருந்து காப்பாற்றும்படியே கேட்கிறார்கள் என்றும் எழுதி முடித்தது. கிட்டி போட்டவர்கள் உள்ளூர்ச் சேவகர்கள் என்பது உண்மைதான். ஆயினும் இந்தத் தொகையை இந்தத் தவணைக்குள் கொண்டுவந்து சேர்க்க வேண்டும் என்று ஆணை அனுப்பியது யார்? அறிக்கை அந்தக் கேள்வியைத் தாண்டிப் போய்விட்டது. பெயர் தெரியாத நம் பாட்டுக்காரர் தாண்டிப் போகவில்லை. சந்தையில் நின்று காயை வாங்கியவனைப் பற்றி அவர் ஒரு சொல்லும் சொல்லாமல், காயிதம் போட்டவனையே அடையாளம் காட்டிப் பாட்டை முடித்துவிட்டார்.

இந்தப் பாட்டை நான் பழம்பொருளாகக் கருதாததற்குக் காரணம், விலை பற்றிய காயிதங்கள் இன்றும் வந்துகொண்டிருப்பதுதான். கும்பகோணத்தில் பிறந்த எம்.எஸ்.சுவாமிநாதன் தலைமையிலான தேசிய விவசாயிகள் ஆணையம், விளைபொருளுக்கு அரசு அறிவிக்கும் குறைந்தபட்ச ஆதரவு விலை உற்பத்திச் செலவைப்போல் ஒன்றரை மடங்காவது இருக்க வேண்டும் என்று 2006இல் பரிந்துரைத்தது. அப்போது காங்கிரஸ் தலைமையில் இருந்த அரசு அதைத் தன் வேளாண் கொள்கையில் ஏற்கவில்லை. 2014 தேர்தலில் பாரதிய ஜனதா கட்சி, செலவுக்கு மேல் 50 விழுக்காடு லாபம் உறுதி என்று அறிக்கையில் எழுதி வாக்குக் கேட்டது. ஆட்சிக்கு வந்தபின் 2015இல், அவ்வாறு உயர்த்தினால் சந்தை நிலைகுலையும் என்று அதே கட்சியின் அரசு உச்ச நீதிமன்றத்தில் சொன்னது. பின்னர் 2018 பிப்ரவரியில், நிதிநிலை அறிக்கை உரையில், ஒன்றரை மடங்கு தரப்படும் என்ற அறிவிப்பு வந்தது.

எந்தச் செலவுக்கு ஒன்றரை மடங்கு என்பதில்தான் சூழ்ச்சி இருந்தது. விவசாயி கைக்காசு போட்டு வாங்கும் விதை, உரம், கூலி ஆகியவற்றோடு குடும்பத்தாரின் உழைப்பை மட்டும் சேர்ப்பது ஒரு கணக்கு. சொந்த நிலத்துக்கான வாடகை மதிப்பையும், போட்ட முதலுக்கான வட்டியையும் சேர்ப்பது முழுக் கணக்கு. விவசாய இயக்கங்கள் கேட்டது இரண்டாவதை. அரசு எடுத்துக்கொண்டது முதலாவதை. 2018–19இல் ஒரு குவிண்டால் நெல்லுக்கு முதல் கணக்கின்படி செலவு 1,166 ரூபாய், முழுக் கணக்கின்படி 1,560 ரூபாய். அறிவிக்கப்பட்ட விலை 1,750 ரூபாய். முழுச் செலவுக்கு ஒன்றரை மடங்கு என்றால் 2,340 ரூபாய் வந்திருக்க வேண்டும். குவிண்டாலுக்கு 590 ரூபாயை ஒரு கணக்கீட்டு முறைக்குள் மறைத்துவிட்டு, சொன்னதைச் செய்தோம் என்று மேடைகளில் பேசினார்கள். சிறிய கணக்கை ஏற்பதற்கு வாதங்கள் இருக்கலாம். அவற்றைத் தேர்தலுக்கு முன்பே மக்களிடம் சொல்லியிருக்க வேண்டும்.

மாநிலத்திலும் நிலைமை முற்றிலும் வேறல்ல. நெல் குவிண்டாலுக்கு 2,500 ரூபாய் என்று 2021 தேர்தலில் திராவிட முன்னேற்றக் கழகம் வாக்குறுதி அளித்தது. அந்த விலை நடைமுறைக்கு வந்தது 2025 செப்டம்பரில், ஆட்சியின் ஐந்தாம் ஆண்டில். இடைப்பட்ட காலத்தில் உரமும் கூலியும் ஏறியிருந்தன. நிறைவேற்றினோம் என்ற சொல் பொய்யில்லை. ஆனால் 2021இல் வாக்களித்த விவசாயி எதிர்பார்த்த 2,500 ரூபாயின் மதிப்பு அதில் இல்லை.

ஐப்பசி மழையில் டெல்டாவின் நேரடி நெல் கொள்முதல் நிலையங்களுக்கு வெளியே குறுவை நெல் நனையும்போது, பாட்டின் வெள்ளரிக்காய் எனக்கு நினைவுக்கு வருகிறது. கொள்முதல் செய்யும் நெல்லுக்கு 17 விழுக்காடு ஈரப்பதம்தான் வரம்பு. அதைத் தளர்த்தக் கேட்டு மாநிலம் கடிதம் எழுதும், தில்லியிலிருந்து குழு வந்து மாதிரி எடுத்துச் செல்லும், பதில் வரும்வரை சாலையில் கொட்டிய நெல் முளை விட்டுக்கொண்டிருக்கும். அங்கே விவசாயி சண்டை போடுவது எடைபோடும் ஊழியரோடுதான், ஏனென்றால் அவர் கண்ணுக்குத் தெரிவது அந்த ஊழியர் மட்டுமே. 1855 அறிக்கை எந்த இடத்தில் பழியை நிறுத்தியதோ, அதே இடத்தில் இன்றும் பழி நிற்கிறது.

செய்யக்கூடியது ஒன்று உண்டு. இரண்டு செலவுக் கணக்குகளும் வேளாண் விலை ஆணையத்தின் அறிக்கைகளில் ஆண்டுதோறும் அச்சாகின்றன. அமைச்சர்களின் அறிவிப்புகளில் அவை சேர்ந்து வருவதில்லை. ஆதரவு விலை அறிவிக்கப்படும் ஒவ்வோர் ஆண்டும், அந்த இரண்டு எண்களையும் விலைக்குப் பக்கத்திலேயே தமிழில் எழுதி, ஒவ்வொரு கொள்முதல் நிலைய வாசலிலும் ஒட்ட வேண்டும். இதற்குப் புதிய சட்டம் எதுவும் வேண்டியதில்லை. உங்கள் ஊரில் அடுத்த கிராம சபை கூடும்போது இதை ஒரு தீர்மானமாகக் கொண்டுவரும்படி, இந்த உரையைக் கேட்டுக்கொண்டிருக்கும் விவசாயிகளை அன்போடு கேட்டுக்கொள்கிறேன். வணக்கம்.