ஏஐ சொல்லும் பதில் எந்த அலமாரியிலிருந்து வருகிறது?

(திரையில்: பல்கலைக்கழக நூலகத்தின் இணையப் பக்கம். தேடல் பெட்டிக்குப் பக்கத்தில் புதிதாக ஒரு பொத்தான்.)

வணக்கம். உங்கள் பல்கலைக்கழக நூலகத்தின் இணையப் பக்கத்தை அண்மையில் திறந்து பார்த்தீர்களா? பழைய தேடல் பெட்டி அப்படியே இருக்கும். பல நூலகங்களில் அதன் பக்கத்திலேயே 'ஆய்வு உதவியாளர்' என்று ஒரு பொத்தானும் முளைத்திருக்கிறது. கேள்வியை முழு வாக்கியமாகவே கேட்கலாம். சில நொடிகளில் இரண்டு பத்திக்குப் பதில் வரும். அடியில் நாலைந்து கட்டுரைகளின் பெயரும் வரும்.

சிங்கப்பூர் சமூக அறிவியல் பல்கலைக்கழகத்தில் தமிழ் இலக்கியம் படிக்கும் ஒரு மாணவி இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். "சிங்கப்பூர்த் தமிழ்ச் சிறுகதைகளில் வீவக வீட்டு வாழ்க்கை எப்படி வருகிறது?" என்று, அதாவது வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் கட்டிய அடுக்குமாடி வீடுகளைப் பற்றி, இப்படி ஒரு கருவியிடம் கேட்கிறார். பதிலில் என்ன வரும்? அந்த வீடுகளில் ஒவ்வோர் இனத்துக்கும் வரம்பு வைத்த, 1989-இல் வந்த இன ஒருங்கிணைப்புக் கொள்கை வரலாம். வீடமைப்பும் தேச உருவாக்கமும் என்று சமூகவியலாளர்கள் ஆங்கிலத்தில் எழுதியவை வரலாம். சொன்ன தகவலெல்லாம் சரியாகவே இருக்கலாம். ஆனால் அதில் ஒரு சிறுகதைகூட இல்லாமல் போக நிறைய வாய்ப்பு உண்டு. கருவியைத் திட்டிப் பயனில்லை. அதற்குக் கொடுக்கப்பட்ட அலமாரியில் அந்தக் கதைகள் இல்லை, அவ்வளவுதான்.

அலமாரி என்று எதைச் சொல்கிறேன்? கருவி தேடிப் பார்க்கும் தொகுப்பைத்தான். அதில் என்ன இருக்கிறது என்று தெரிய, முதலில் பணம் எங்கே போகிறது என்று பார்க்க வேண்டும்.

(திரையில்: ஒரு கட்டுரைப் பக்கம். மேல் மூலையில் "உங்கள் நிறுவனத்தின் வழியாக அணுகல்" என்ற சிறு வரி.)

மின்னிதழ், மின்னூல், தரவுத்தளம் எல்லாவற்றையும் சேர்த்து மின்வளங்கள் என்கிறார்கள். இவற்றில் பெரும்பகுதி நூலகத்துக்குச் சொந்தமானவை அல்ல. ஆண்டுச் சந்தா கட்டினால் கதவு திறக்கும், நிறுத்தினால் பெரும்பாலும் மூடிவிடும். வளாகத்துக்குள் இருக்கும்போது பல்கலைக்கழக இணைய இணைப்பின் அடையாள எண்ணான ஐபி முகவரியைப் பார்த்துப் பதிப்பாளரின் தளம் உங்களை உள்ளே விடுகிறது. ஜூரோங் வெஸ்ட்டில் உங்கள் வீட்டிலிருந்து போனால் அந்த முகவரி இருக்காது. அதனால்தான் நூலகப் பக்கத்தின் வழியாக, பல்கலைக்கழகக் கணக்கில் நுழைந்து போகச் சொல்கிறார்கள். கூகுளில் தேடி நேராகப் போய் "நாற்பது டாலர் கட்டு" என்ற அறிவிப்பைப் பார்த்துத் திரும்பி வருகிறவர்கள் ஏராளம். அதே கட்டுரைக்கு நூலகம் ஏற்கெனவே பணம் கட்டியிருக்கும்.

மின்னூலிலும் இதே கதைதான். ஒரே நேரத்தில் ஒருவர்தான் படிக்கலாம், மூன்று பேர்தான் படிக்கலாம் என்றெல்லாம் உரிமங்கள் உண்டு. தேர்வு வாரத்தில் மின்னூல் திறக்கவில்லையென்றால் இணையம் பழுது என்று நினைக்காதீர்கள். வேறு யாரோ அதைப் படித்துக்கொண்டிருக்கலாம். ஒருமுறை பணம் கொடுத்து நிரந்தரமாக வாங்கும் வழியும் குறுகிக்கொண்டே வருகிறது. 2025 பிப்ரவரியில், நூலகங்களுக்கு நூல்களையும் தரவுத்தளங்களையும் விற்கும் கிளாரிவேட் நிறுவனம், நூல்களை அப்படி விற்பதைப் படிப்படியாக நிறுத்தப்போவதாக அறிவித்தது. நூலகர்கள் கடுமையாக எதிர்த்த பிறகு காலக்கெடுவை 2026 ஜூன் வரை தள்ளிப்போட்டது. முடிவை மாற்றவில்லை, கெடுவைத்தான் மாற்றியது. எனக்கு இது நல்ல அறிகுறியாகத் தெரியவில்லை.

இன்னொன்று. ஒரு நிரலை எழுதி, இரவோடு இரவாக ஆயிரக்கணக்கான பிடிஎஃப் கோப்புகளை இறக்கிவிடலாம் என்று சிலருக்குத் தோன்றும். பதிப்பாளரின் கணினி அதைக் கவனித்துக்கொண்டுதான் இருக்கும். அளவு மீறினால் அந்த ஐபி முகவரியையே தடுத்துவிடும். ஒருவர் செய்ததற்குப் பல்கலைக்கழகம் முழுவதும் வெளியே நிற்கும்.

(திரையில்: கேள்வி, அம்புக்குறி, ஐந்து கட்டுரைகள், அம்புக்குறி, பதில்.)

சரி, ஏஐக்கு வருவோம். நூலகங்களில் வரும் கருவிகள் பெரும்பாலும் இரண்டு வேலை செய்கின்றன. முதலில் கேள்விக்குப் பொருத்தமான கட்டுரைகளை ஒரு தரவுத்தளத்திலிருந்து எடுக்கின்றன. அப்புறம் எடுத்ததை மட்டும் மொழி மாதிரியிடம், அதாவது வாக்கியங்களை எழுதும் ஏஐயிடம் கொடுத்து, இதை வைத்துப் பதில் எழுது என்கின்றன. வெறும் சாட்ஜிபிடியிடம் கேட்பதைவிட இது பாதுகாப்பானது, சந்தேகமில்லை. இல்லாத கட்டுரையை இருப்பதாகச் சொல்லும் ஆபத்து குறைகிறது. எதையும் சரிபார்க்காமல் நம்பினால் என்ன ஆகும் என்பதை வழக்கறிஞர்கள் நமக்கு முன்பே கற்றுக்கொடுத்துவிட்டார்கள். 2023-இல் நியூயார்க்கில், சாட்ஜிபிடி கற்பனை செய்த தீர்ப்புகளை மேற்கோள் காட்டியதற்கு 5,000 டாலர் அபராதம். 2025-இல் நம் சிங்கப்பூரிலும் இல்லாத ஒரு வழக்கை மேற்கோள் காட்டிய வழக்கறிஞர், எதிர்த்தரப்புக்குத் தம் கையிலிருந்து 800 வெள்ளி கொடுக்க வேண்டியிருந்தது.

ஆனால் 'இருக்கும் கட்டுரையைக் காட்டுகிறது' என்பதும் 'கட்டுரையைப் படித்துவிட்டுச் சொல்கிறது' என்பதும் ஒன்றல்ல. ஸ்கோபஸ் ஆய்வுத் தரவுத்தளத்தோடு 2024-இல் வெளிவந்த ஸ்கோபஸ் ஏஐ, ஆய்வுச்சுருக்கங்களை வைத்துத்தான் பதில் தயாரிக்கிறது. பல நூலகங்களின் தேடல் பெட்டியை இயக்கும் பிரைமோ மென்பொருளில் அதே ஆண்டு வந்த ஆய்வு உதவியாளரும் அப்படித்தான். தேடலில் முதலில் வரும் ஐந்து கட்டுரைகளின் சுருக்கங்களை எடுத்துக்கொள்கிறது. சுருக்கம் என்பது எழுதியவரே தம் கட்டுரையைப் பற்றிச் சொல்லும் நல்வார்த்தை. எத்தனை பேரிடம் பேட்டி எடுத்தார், எதை விட்டுவிட்டார், முடிவில் எங்கே தயங்கினார் என்பதெல்லாம் உள்ளே பதினேழாம் பக்கத்தில் இருக்கும். அங்கே இந்தக் கருவிகள் போவதில்லை. நீங்கள்தான் போக வேண்டும்.

வடிகட்டிகளும் உண்டு. வன்முறை, வெறுப்பு போன்ற உள்ளடக்கத்தைத் தடுக்க மொழி மாதிரிகளை வழங்கும் நிறுவனங்கள் வைத்திருப்பவை அவை. வரலாறு படிப்பவர்களுக்கு இது ஒரு தலைவலி. 1964-இல் இங்கே நடந்த இனக் கலவரத்தைப் பற்றிக் கேட்டுப் பதில் வரவில்லை என்றால், யாரும் எதுவும் எழுதவில்லை என்று முடிவு கட்டாதீர்கள். பழைய தேடல் பெட்டிக்குப் போய் அதே சொற்களைப் போட்டுப் பாருங்கள்.

(திரையில்: பழைய தமிழ் நாளிதழ்ப் பக்கத்தின் வருடிய படம்.)

இப்போது தமிழ். இங்கேதான் அலமாரி உண்மையிலேயே காலி.

பெரிய ஆய்வுத் தரவுத்தளங்கள் ஆங்கில இதழ்களைச் சுற்றியே வளர்ந்தவை. தமிழில் வந்த கட்டுரைக்கு அவற்றில் இடம் மிகக் குறைவு. தமிழ் நூல் நூலகத்தில் இருந்தாலும் அதைக் கண்டுபிடிப்பது தனி வித்தை. பல பட்டியல்களில் தமிழ்ப் பெயர்களை ரோமன் எழுத்தில்தான் பதிந்திருப்பார்கள். அதற்கு அமெரிக்க நூலகங்கள் வகுத்த முறை ஒன்று உண்டு. அதன்படி 'சிங்கப்பூர்' என்ற சொல் ஆங்கில எஸ் (S) எழுத்தில் தொடங்காது, சி (C) எழுத்தில் தொடங்கும். தமிழை இணையத்துக்குக் கொண்டுவந்த முன்னோடிகளில் ஒருவர் நம்மூர் நா. கோவிந்தசாமி. அவர் பெயரை ஜி போட்டுத் தேடினால் சில பட்டியல்கள் கையை விரித்துவிடும், கே போட்டால் கொடுக்கும். இணையத் தமிழுக்கு உழைத்தவருக்கே இந்தக் கதி! ஆகவே ஒரே பெயரைத் தமிழில் ஒருமுறை, நாம் வழக்கமாக எழுதும் ஆங்கில எழுத்துகளில் ஒருமுறை, பட்டியல் முறையில் ஒருமுறை தேடுங்கள். சலிப்பான வேலைதான், வேறு வழியில்லை.

அடுத்த சிக்கல், வருடிய பக்கங்கள். பழைய நூலைப் படமெடுத்து ஏற்றினால் நம் கண்ணுக்கு அது எழுத்து, கணினிக்கு வெறும் படம். எழுத்துணரி மென்பொருள் அதைப் படித்து உரையாக மாற்றினால்தான் தேடலாம், ஏஐயும் பார்க்கும். 1978-இல் தமிழ்நாட்டில் எழுத்துச் சீர்திருத்தம் வருவதற்கு முன் ணை, லை, னை போன்றவற்றுக்குத் துதிக்கை வைத்த வடிவங்கள் இருந்தன. மங்கிய அச்சும் அந்த வடிவங்களும் சேர்ந்தால் மென்பொருள் தடுமாறிவிடும். ஒரு பெயரில் ஓர் எழுத்து தவறினாலும் போதும், அந்தக் கட்டுரை இருந்தும் இல்லாததுபோலத்தான்.

அந்த மாணவி எங்கே போக வேண்டும்? விக்டோரியா ஸ்திரீட் தேசிய நூலகத்தின் சேகரிப்புக்கு. சுதந்திரப் பொன்விழாவை ஒட்டி, 1965-க்குப் பிந்தைய 50 ஆண்டுகளில் இங்கே வந்த சுமார் 350 தமிழ் இலக்கிய நூல்களைத் தொண்டூழியர்கள் மின்மயமாக்கி 2015-இல் தேசிய நூலக வாரியத்திடம் ஒப்படைத்தார்கள். தமிழ் மின்மரபுடைமைத் திட்டம் என்று பெயர். அவர் தேடும் கதைகள் அங்கே இருக்க நல்ல வாய்ப்பு. 1935-இல் கோ. சாரங்கபாணி தொடங்கிய தமிழ் முரசின் பழைய இதழ்கள், வாரியத்தின் நியூஸ்பேப்பர்எஸ்ஜி தளத்தில் இருக்கின்றன. சிங்கப்பூருக்கு வெளியே என்றால் 1998 முதல் இயங்கும் மதுரைத் திட்டம், இலங்கைத் தமிழ் ஆவணங்களுக்கு 'நூலகம்' என்ற பெயருடைய தளம், தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம். இவை எதற்கும் சந்தா இல்லை. பல்கலைக்கழகத்தின் ஏஐ பொத்தான் இவற்றையெல்லாம் துழாவிவிட்டுத்தான் பதில் சொல்கிறது என்று மட்டும் எண்ணிக்கொள்ளாதீர்கள்.

சிங்கப்பூரின் தேசிய ஏஐ திட்டமான 'ஏஐ சிங்கப்பூர்' உருவாக்கிய சீ-லயன் என்ற மொழி மாதிரி தமிழையும் சேர்த்துப் பழக்கப்பட்டது. தமிழ் புரிந்த ஒரு மொழி மாதிரி நமக்கு இருப்பது நல்லதுதான். ஆனால் புரிந்துகொள்ளத் தெரிந்தவனுக்கும் படிக்கப் புத்தகம் வேண்டுமே.

(திரையில்: ஒரு பிடிஎஃப் கோப்பை ஏஐ சாளரத்துக்குள் இழுத்துப் போடும் கை.)

"சரி, நானே பிடிஎஃப் கோப்பை இறக்கிச் சாட்ஜிபிடியில் போட்டுச் சுருக்கச் சொன்னால்?" பலரும் கேட்கும் கேள்வி. பதில், ஒப்பந்தத்தைப் பொறுத்தது. சந்தா ஒப்பந்தங்களில் ஏஐ பற்றிய பிரிவுகள் கூடிக்கொண்டே வருகின்றன. பொதுக் கருவிகளில் கட்டுரையை ஏற்றக் கூடாது என்று சில பதிப்பாளர்கள் வெளிப்படையாகவே எழுதுகிறார்கள். இதில் ஒரு வேடிக்கை உண்டு. டெய்லர் அண்ட் பிரான்சிஸ் பதிப்பகத்தின் தாய் நிறுவனமான இன்ஃபோர்மா, 2024-இல் தன் உள்ளடக்கத்தை ஏஐக்குப் பயன்படுத்த மைக்ரோசாஃப்ட்டுடன் ஒப்பந்தம் போட்டது. எழுதிய பேராசிரியர்களில் பலர் அதைச் செய்தியில் பார்த்துத்தான் தெரிந்துகொண்டார்கள்.

சிங்கப்பூர்ச் சட்டம் இந்த விஷயத்தில் கொஞ்சம் தாராளம். 2021 நவம்பரில் நடப்புக்கு வந்த புதிய காப்புரிமைச் சட்டத்தின்படி, சட்டப்படி அணுகல் உள்ளவர் கணினிவழித் தரவுப் பகுப்பாய்வுக்காகப் பிரதி எடுக்கலாம். அந்த உரிமையை ஒப்பந்த வரியால் பறிக்க முடியாது. ஆயிரம் கட்டுரைகளில் ஒரு சொல் எப்படி மாறுகிறது என்று ஆராய்பவருக்கு இது பெரிய வசதி. ஆனால் எடுத்த பிரதியை வேறு எதற்கும் பயன்படுத்தக் கூடாது. முடிவைச் சரிபார்க்கவோ கூட்டு ஆய்வுக்கோ தவிர மற்றவருக்குக் கொடுக்கவும் கூடாது. ஒரே ஒரு கட்டுரையைச் சுருக்கித் தரச் சொல்வது இதில் அடங்கும் என்று நீங்களாக முடிவு செய்துகொள்ள வேண்டாம். உங்கள் துறைக்கென்று இருக்கும் நூலகருக்கு ஒரு மின்னஞ்சல் போடுங்கள். எந்தத் தரவுத்தளத்துக்கு என்ன நிபந்தனை என்பது அவர்களுக்குத் தெரியும்.

கடைசி ஆண்டில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பட்டம் வாங்கியதும் பெரும்பாலான தரவுத்தளங்களின் கதவு உங்களுக்கு மூடிவிடும். ஆய்வேட்டுக்குப் பயன்படுத்திய கட்டுரைகளின் டிஓஐ எண்களையும் (ஒவ்வொரு கட்டுரைக்கும் உள்ள நிரந்தர அடையாள எண்) உங்கள் குறிப்புகளையும் பல்கலைக்கழகக் கணக்கில் மட்டும் வைக்காமல் வேறு இடத்திலும் சேமியுங்கள். ஏஐ கருவியோடு நடத்திய உரையாடல்களும் அந்தக் கணக்கோடு போய்விடலாம். அப்புறம், தேசிய நூலக வாரியத்தின் உறுப்பினர் கணக்கு இருக்கிறதா என்று பாருங்கள். அதன் வழியாகவும் பல தரவுத்தளங்களை வீட்டிலிருந்தே திறக்கலாம், அது பட்டமளிப்பு விழாவோடு முடிகிற கணக்கு இல்லை.