நஞ்சுக்கொடியைக் கட்டுவது யார்?

பாம்பன் பக்கத்திலிருந்து கடல்பாசி எடுக்கும் தங்கை ஒருவர் கேட்டிருக்கிறார்: “அட்டையில் இரண்டு கோடு வந்தது டாக்டர். ஆனால் இரண்டாம் மாதமே கரு கலைந்துவிட்டது. கடலில் முங்கி முங்கி என் உடம்பில் நஞ்சுக்கொடி பிடிக்காமல் போய்விட்டது என்கிறார் மாமியார். உண்மையா?”

இல்லை அம்மா. நஞ்சுக்கொடியின் பெரும்பகுதியைக் கட்டுவது தாயின் உடம்பு அல்ல, கருவேதான். உங்கள் கணவரின் மரபணுக்களுக்கும் அதில் சரிபாதி பங்கு உண்டு.

கருவுற்ற முட்டை முதல் இரண்டு மூன்று நாள், தாய் முட்டையில் சேர்த்துவைத்த ஆர்.என்.ஏ. (மரபணுக் குறிப்புகளின் நகல்) கையிருப்பைக் கொண்டே ஓட்டுகிறது. நான்கிலிருந்து எட்டு செல் ஆகும் கட்டத்தில்தான் அதன் சொந்த மரபணுக்கள் முழு வீச்சில் வேலையைத் தொடங்கும். ஐந்தாம் நாள் வாக்கில் செல்கள் இரண்டு கூட்டமாகப் பிரிந்திருக்கும். எல்லாச் செல்களின் கையிலும் இருப்பது ஒரே மரபணுப் பஞ்சாங்கம்தான். ஆளுக்கொரு பக்கத்தைப் பிரித்துப் படிக்கின்றன. உள்ளே நானோக் போன்ற மரபணுக்கள் செயல்படும், அந்தச் செல்கள் குழந்தையாகும். வெளிச்சுற்றில் காட்டா3, சிடிஎக்ஸ்2 செயல்படும், அவை நஞ்சுக்கொடியாகும்.

என்னை இன்றும் மலைக்க வைப்பது சின்சைட்டின் என்ற மரபணு. கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் நம் மூதாதை உயிரினங்களைத் தொற்றிய ஒரு வைரஸ் விட்டுப்போனது அது. நஞ்சுக்கொடியில் அதற்கு என்ன வேலை என்பது 2000ஆம் ஆண்டில்தான் வெளிவந்தது. வெளிச்செல்கள் ஒன்றோடொன்று இணைந்து, நடுவில் சுவரே இல்லாத ஒரே படலமாக மாற அது உதவுகிறது. பிள்ளைக்கு உணவும் ஆக்சிஜனும் போவது அந்தப் படலம் வழியாகத்தான். அட்டையில் கோடு விழவைக்கும் ஹார்மோனைச் சுரப்பதும் அதுவே. ஆக, உங்களுக்குக் கோடு விழுந்தபோதே கரு ஒட்டிப் பிடித்திருந்தது, நஞ்சுக்கொடிச் செல்கள் வேலை பார்த்துக்கொண்டிருந்தன.

பிறகு ஏன் கலைந்தது? முதல் மூன்று மாதத்தில் கலையும் கருக்களில் ஏறத்தாழப் பாதிக்குக் காரணம், மரபணுக்களைச் சுமக்கும் குரோமோசோம்களின் எண்ணிக்கை பிசகுவதுதான். முட்டையோ விந்தணுவோ உருவாகும்போதே பெரும்பாலும் அது நேர்ந்துவிடுகிறது. விரலில் துணி சுற்றி, கண்ணாடி மாட்டிக்கொண்டு நீங்கள் கடலில் இறங்கியதால் அந்தப் பிசகு வராது. மாமியாரையும் பக்கத்தில் உட்காரவைத்து இதைக் கேட்கச் சொல்லுங்கள்.

அடுத்த கருவுக்கு முயலும்போது முன்கூட்டியே போலிக் அமில மாத்திரையைத் தொடங்கிவிடுங்கள். நாள் தள்ளியதும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். மூச்சடக்கி முங்கும் வேலை உங்களுடையது என்பதையும் அங்கே மறக்காமல் சொல்லுங்கள்.