காலா, கைகொடுத்த ஆளா? பார்க் ஜி-சுங் பட்டிமன்றத்தில் கால் அணியின் பேச்சு

நடுவர் அவர்களே, சபையோரே, எல்லோருக்கும் சேர்த்து ஒரே வணக்கம். தனித்தனியாகச் சொல்ல ஆரம்பித்தால் எனக்குக் கொடுத்த நேரம் அதிலேயே போய்விடும். எதிரணிக்கு அதுதான் வேண்டும்.

தலைப்பு எல்லோருக்கும் தெரியும். கொரியக் கால்பந்து வீரர் பார்க் ஜி-சுங்கை உயர்த்தியது அவர் காலா, அவருக்குக் கைகொடுத்த ஆளா? நான் கால். எனக்கு முன்னால் பேசிய அண்ணன் ஆள். கொரியாவில், இந்தச் சுவோன் நகரில் உட்கார்ந்து பொங்கல் கொண்டாடிக்கொண்டு பார்க்கைப் பற்றிப் பேசாமல் இருந்தால் இந்த ஊர் நம்மை மன்னிக்காது. அவர் வளர்ந்த ஊர் இது. அவர் விளையாடிக்கொண்டிருந்த காலத்திலேயே அவர் பெயரில் இங்கே ஒரு சாலைக்குப் பெயர் வைத்தார்கள். உயிரோடு இருக்கிறவர் பெயரில், அதுவும் தேர்தலில் நிற்காதவர் பெயரில்!

அண்ணன் ஒரு பட்டியல் படித்தார். கல்லூரியில் இடம் கொடுத்தது ஓர் ஆள். ஒலிம்பிக் அணிக்கு எடுத்தது பயிற்சியாளர் ஹூ ஜுங்-மூ. உலகக் கோப்பைக்கும் அப்புறம் ஹாலந்துக்கும் கூட்டிப் போனது கொரிய அணியின் பயிற்சியாளராக இருந்த கூஸ் ஹிடிங்க். இங்கிலாந்தின் மான்செஸ்டர் யுனைடெட்டுக்கு வாங்கியது அதன் மேலாளர் அலெக்ஸ் ஃபெர்குசன். இத்தனை ஆளையும் கழித்துவிட்டால் பார்க் எங்கே என்று கேட்டார். எங்கேயா? மைதானத்தில்தான். நடுவர் விசில் ஊதியதுகூடக் காதில் விழாமல் இன்னும் ஓடிக்கொண்டிருப்பார்.

சரி, தவளைக்கு வருவோம். அண்ணன் தவளையைத் தொடவே இல்லை, கவனித்தீர்களா? பயம்.

பார்க் சின்ன வயதில் குள்ளம், ஒல்லி. கால்பந்து விளையாட வேண்டும் என்கிறான் பையன், உடம்போ ஒத்துழைக்க மாட்டேன் என்கிறது. தவளையை வேகவைத்துச் சாறு இறக்கிக் கொடுத்தால் பிள்ளை வளரும் என்று யாரோ சொல்கிறார்கள். வீட்டில் கொடுத்தார்கள். பையன் குடித்தான்.

பின்வரிசைக்குச் சரியாகக் கேட்கவில்லை போல. மறுபடி சொல்கிறேன். தவளை. வேகவைத்து. சாறு. குடித்தான்.

நம் வீட்டுப் பிள்ளைகள் பாலில் ஆடை கிடந்தால் வீட்டை ரெண்டாக்குகிறார்கள். அந்த வீட்டை நினைத்துப் பாருங்கள். காலை நேரம், பள்ளிக்கூடத்துக்குக் கிளம்புகிற அவசரம். ஒரு தோளில் பை தொங்குகிறது. டம்ளரை நீட்டுகிறார்கள். பையன் டம்ளரைப் பார்க்கிறான். டம்ளர் பையனைப் பார்க்கிறது. இந்த இடத்தில் நீங்களும் நானும் என்ன செய்திருப்போம்? வயிற்று வலி, தலைவலி, தாத்தாவுக்கு உடம்பு சரியில்லை, எதையாவது சொல்லியிருப்போம். இவன் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரே மடக்கு. ருசி எப்படி இருந்தது என்று பிற்காலத்தில் அவரிடமே கேட்டிருக்கிறார்கள். சகிக்க முடியாத ருசி, ஆனால் கால்பந்து வீரன் ஆக வேண்டுமே என்று விழுங்கினேன் என்கிற பொருளில்தான் பதில் வந்தது.

அப்புறம் வளர்ந்தாரா? வளர்ந்தார், சராசரி உயரம். தவளையால் முடிந்தது அவ்வளவுதான். உயரம் கொடுக்கத் தெரியாத தவளை தாவுகிற குணத்தைக் கொடுத்துவிட்டுப் போனது.

இப்போது கேட்கிறேன் அண்ணா. அந்த டம்ளரைக் காலி செய்ய ஹிடிங்க் வந்தாரா? ஃபெர்குசன் பாதி குடித்தாரா? விழுங்கியது யார் தொண்டை? நடுவர் முறைக்கிறார். தலைப்பு காலைப் பற்றி, நீ தொண்டையில் நிற்கிறாயே என்கிறார். இறங்கி வருகிறேன் ஐயா, காலுக்குத்தான் வந்துகொண்டிருக்கிறேன்.

அந்தக் கால் என்ன கால் தெரியுமா? தட்டைப் பாதம். உள்ளங்காலில் நம்மில் பலருக்கு இருக்கிற வளைவு அவருக்கு இல்லை. கொஞ்ச தூரம் ஓடினாலே வலிக்கக்கூடிய பாதம் அது. அந்தப் பாதத்தை வைத்துக்கொண்டு ஓடிய ஓட்டத்துக்குத்தான் ‘மூன்று நுரையீரல் பார்க்’ என்று பெயர் வாங்கினார். காய்ப்பும் தழும்புமாக இருக்கும் அவர் பாதங்களின் புகைப்படம் இந்த நாட்டில் பிரபலம். அதைப் பார்த்தவர்கள் அப்புறம் ஷூ கடிக்கிறது என்று புகார் சொல்ல மாட்டார்கள்.

உயர்நிலைப் பள்ளி முடித்தபோது அவரை எந்தத் தொழில்முறை அணியும் சீந்தவில்லை. மியோங்ஜி பல்கலைக்கழகத்தில் கால்பந்துக்கான இடங்கள் நிரம்பிவிட்டன. டென்னிஸ் அணிக்கு ஒதுக்கிய இடம் ஒன்று காலி. அதில் சேர்த்துக்கொண்டார்கள். ‘பார்த்தீர்களா, ஆள்!’ என்று அண்ணன் துள்ளினார். டென்னிஸ் கணக்கில் சேர்ந்தவன் ரெண்டே வருஷத்தில், 2000-இல், சிட்னி ஒலிம்பிக்குக்குக் கால்பந்து ஆடப் போனான். இடம் கொடுத்தது ஆள்தான். அந்த இடத்தில் சும்மா உட்கார்ந்திருந்தால் இன்றைக்கு நாம் யாரைப் பற்றிப் பட்டிமன்றம் போட்டிருப்போம்?

இதெல்லாம் போகட்டும். யுனைடெட்டில் பார்க்கோடு ஆடிய நட்சத்திரங்களை இழுத்து அண்ணன் கடைசியில் ஒரு வார்த்தை விட்டார் பாருங்கள், கைதட்டலும் வாங்கினார். ‘ரொனால்டோ மாப்பிள்ளை. ரூனி மாப்பிள்ளைத் தோழன். உங்கள் பார்க் பந்தியில் சாம்பார் வாளி தூக்கிக்கொண்டு ஓடுகிறவர். வாளி தூக்கினவனுக்கு யாராவது மாலை போடுவார்களா?’

நானும் எழுதிக்கொண்டு வந்த குறிப்பையெல்லாம் மடித்துச் சட்டைப்பையில் வைத்துவிட்டேன். இனி வாளிதான்.

அண்ணா, நீங்கள் எத்தனை கல்யாணத்துக்குப் போயிருப்பீர்கள்? மாப்பிள்ளை மண்டபத்துக்கு ஒரு மணி நேரம் தாமதமாக வந்தாலும் ‘அலங்காரம் நடக்கிறது’ என்று சமாளித்துவிடலாம். சாம்பார் பத்து நிமிஷம் தாமதமானால் சம்பந்தி சண்டை! பரிமாறுகிறவனுக்குத்தான் எந்த இலையில் என்ன குறைகிறது என்று தெரியும். யுனைடெட்டில் பார்க் செய்தது அந்த வேலைதான், ஒத்துக்கொள்கிறேன். இடது பக்கம் பள்ளமா, ஓடு. ரொனால்டோ முன்னால் போய் நின்றுவிட்டாரா, பின்னால் காலியான இடத்துக்கு ஓடு. அப்படி ஓடி ஏழு பருவத்தில் 205 ஆட்டம், 27 கோல், நான்கு பிரீமியர் லீக் பட்டம்.

அதோடு, பரிமாறுகிறவனுக்கு இன்னொரு திறமை உண்டு. எதிர்ப் பந்தியில் ஒரு சொட்டு விழாமல் தடுக்கவும் தெரியும். 2010, ஐரோப்பாவின் பெரிய அணிகள் மோதும் சாம்பியன்ஸ் லீக், எதிரே இத்தாலியின் ஏ.சி. மிலான். அந்த அணியின் மூளை ஆந்திரே பிர்லோ. நிதானமான மனுஷர், ஓடவே மாட்டார். அவர் நிற்க, பந்து ஓடும். அவருக்கு யோசிக்க ரெண்டு விநாடி கொடுத்தால் உங்கள் கதை முடிந்தது. ஃபெர்குசன் பார்க்கைக் கூப்பிட்டு ஒரே வேலை கொடுத்தார்: பிர்லோ. அவ்வளவுதான். பிர்லோ திரும்பினால் பார்க். பிர்லோ நகர்ந்தால் பார்க். பிர்லோ பெருமூச்சு விட்டால் அந்தக் காற்று பார்க் முகத்தில் படும். முதல் ஆட்டம் மிலானில், யுனைடெட் 3-2. மார்ச் 10-ஆம் தேதி ஓல்ட் டிராஃபோர்டில் ரெண்டாவது ஆட்டம், 4-0. அந்த நான்கில் ஒரு கோல் யார் அடித்தது? வாளிதான் அடித்தது! காவலுக்குப் போனவன் போகிற போக்கில் கோலும் போட்டுவிட்டு வந்தான். தன்னைப் பார்க் விட்ட பாடு இல்லை என்று பிர்லோவே பிற்காலத்தில் புலம்பி வைத்திருக்கிறார். வாளி தூக்குகிறவனைப் பற்றி எந்த மாப்பிள்ளை அண்ணா இப்படிப் புலம்பியிருக்கிறான்?

ஜப்பானில் கியோட்டோ அணியில் இருந்தபோது நடந்ததையும் கேளுங்கள். 2002 டிசம்பரோடு அவருடைய ஒப்பந்தம் முடிந்தது. அடுத்த வண்டி ஹாலந்துக்கு. ஜப்பானின் எம்பரர் கோப்பை இறுதி ஆட்டமோ 2003 ஜனவரி 1. சம்பளம் முடிந்த மறுநாள்! காலில் அடிபட்டால் ஹாலந்தும் இல்லை, கியோட்டோவும் இல்லை. நம்மில் எத்தனை பேர் கடைசி நாள் முடிந்த மறுநாள் ஆபீஸ் பக்கம் தலைவைத்துப் படுப்போம்? அவர் ஆடினார். ஒரு கோல் பின்தங்கியிருந்த அணிக்குச் சமன் செய்யும் கோலை அடித்தார். காஷிமாவை 2-1 என்று வென்று கோப்பையைக் கையில் கொடுத்துவிட்டுத்தான் விமானம் ஏறினார்.

‘போர்ச்சுகல் கோலுக்கு அப்புறம் யாரிடம் ஓடினார், ஹிடிங்க்கிடம்தானே?’ என்று ஒரு தங்கச்சி கேட்டது. கேள்வி நியாயம். 2002 ஜூன் 14, இன்சோன், உலகக் கோப்பையில் போர்ச்சுகலோடு ஆட்டம். இடது பக்கத்திலிருந்து லீ யோங்-ப்யோ தூக்கிப் போட்ட பந்து. பார்க் நெஞ்சில் வாங்கினார். பாய்ந்து வந்த போர்ச்சுகல் வீரர் கொன்செய்சாவோவின் தலைக்கு அந்தப் பக்கம் வலது காலால் ஒரு சின்னத் தட்டு. பந்து தரையைத் தொடும் முன் இடது காலால் அடி. கோல்கீப்பர் விட்டோர் பாயாவின் ரெண்டு காலுக்கும் நடுவே உள்ளே போய்விட்டது. அப்புறம்தான் உதட்டில் விரலை வைத்துக்கொண்டு ஓடி ஹிடிங்க்கின் நெஞ்சில் ஏறினார். தங்கச்சி, வரிசையைப் பார். நெஞ்சு, வலது கால், இடது கால், கோல். ஆள் எத்தனாவதாக வருகிறார்?

இப்போது மறுபடியும் பந்திக்கு வருகிறேன் அண்ணா, கோபப்படாதீர்கள். 2007-இல் முழங்காலில் அறுவை சிகிச்சை, மாதக்கணக்கில் படுக்கை. திரும்பி வந்து 2008 சாம்பியன்ஸ் லீக்கில் ரோமாவோடு காலிறுதி, பார்சிலோனாவோடு அரையிறுதி, எல்லாவற்றிலும் ஓடித் தீர்த்தார். மே 21, மாஸ்கோவில் இறுதி ஆட்டம். இங்கே கொரியாவில் அப்போது விடியற்காலை மணி மூன்றே முக்கால். அலாரம் வைத்து எழுந்து, விளக்குப் போட்டு, டிவி முன்னால் உட்கார்ந்தார்கள். ஆசியாவில் பிறந்த ஒருவன் முதன்முதலாக அந்த இறுதியில் ஆடப் போகிறான். அணிப் பட்டியல் வருகிறது. பதினொரு பேரில் பார்க் இல்லை. மாற்று ஆட்டக்காரர்களில் தேடுகிறார்கள். அங்கேயும் இல்லை. கோட்டு சூட்டு போட்டுப் பார்வையாளராக உட்கார வைத்துவிட்டார் ஃபெர்குசன். ஊருக்கெல்லாம் பரிமாறினவனுக்கு இலையே போடவில்லை! நான் எடுத்ததிலேயே கஷ்டமான முடிவுகளில் ஒன்று என்று அவரே வருத்தப்பட்டார். நீங்கள் கும்பிடுகிற அந்த ‘ஆள்’ செய்த காரியம் இது.

பார்க் என்ன செய்தார்? பேட்டி கொடுத்துத் திட்டினாரா? வேறு அணிக்கு ஓடினாரா? மறுநாளிலிருந்து மறுபடியும் ஓடினார். அடுத்த வருஷம் ரோமில் அதே இறுதி ஆட்டத்தில் முதல் பதினொரு பேரில் ஒருவராக இறங்கினார். தோற்றார்கள், இருக்கட்டும். அந்த இறுதியில் ஆடிய முதல் ஆசியன் அவன்தான்.

நடுவர் ஐயா, மணி அடிக்க வேண்டாம், முடிக்கிறேன். சிரித்துப் பேசியது போதும்.

யுனைடெட் ரசிகர்கள் பார்க்குக்கு ஒரு பாட்டுக் கட்டினார்கள். பாசமாகத்தான் பாடினார்கள். ஆனால் அதில் அவர் நாட்டுக்காரர்கள் நாயைத் தின்கிறவர்கள் என்று ஒரு வரி. அயல்நாட்டில் வேலை பார்க்கிற நமக்குத் தெரியும் இல்லையா, சிரித்துக்கொண்டே சொல்லுகிற அந்த மாதிரி வார்த்தை எங்கே போய்க் குத்தும் என்று. பார்க் வாயைத் திறக்கவில்லை. புதிய இடம், தனக்கென்று ஒரு பாட்டு இருக்கிறதே என்று சமாதானப்படுத்திக்கொண்டார். 2014-இல் ஓய்வு பெற்றார். 2021-இல் இன்னொரு கொரியப் பையன், ஹ்வாங் ஹீ-சான், இங்கிலாந்துக்கு ஆட வந்தபோது யுனைடெட் ரசிகர்கள் அவன் காதுபடவும் அதையே பாடினார்கள். அப்போதுதான் பார்க் வாயைத் திறந்தார். தயவுசெய்து நிறுத்துங்கள், இது எங்கள் ஆட்களுக்கு வலிக்கிறது என்று கேட்டார். தன்னைப் பாடியபோது விழுங்கினவர், தம்பியைப் பாடியபோது விழுங்கவில்லை.

அவர் அப்பாவைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். மகன் உடம்பு தேறக் கறி வேண்டும், வாங்கிக் கட்டாது. என்ன செய்தார் தெரியுமா? பார்த்த வேலையை விட்டுவிட்டுக் கறிக்கடை போட்டார். கத்தியைப் பிடித்துக் கறி வெட்டக் கற்றுக்கொண்டு நாள் முழுக்க நின்று வியாபாரம் பார்த்தார், மகன் தட்டில் கறி இருக்க வேண்டும் என்பதற்காக. இந்தச் சபையில் எத்தனை பேருடைய அப்பா, அவருக்குத் தெரியாத ஒரு வேலையை நமக்காகக் கற்றுக்கொண்டவர்? எத்தனை பேர் இந்தப் பொங்கலுக்கு அவரோடு போனில் மட்டும் பேசினோம்?

நடுவர் சிரிக்கிறார். எதிரணி மேஜையைத் தட்டுகிறது. ‘அப்பா கால் இல்லை, கைகொடுத்த ஆள், எங்கள் பாயிண்டை நீங்களே பேசிவிட்டீர்கள்’ என்கிறார்கள். அண்ணா, ஹிடிங்க்கை எடுத்துக்கொள்ளுங்கள். ஃபெர்குசனையும் எடுத்துக்கொள்ளுங்கள். அப்பாவை மட்டும் உங்கள் அணிக்கு விட்டுத் தர மாட்டேன், நடுவர் எப்படித் தீர்ப்பு எழுதினாலும் சரி. வணக்கம்.