மருந்து எங்கே நின்றது?

(சேலத்தில் சமூகப் பணி மாணவர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவையோருக்கு வணக்கம்.

மனநலப் பிரிவுக்குப் பயிற்சிக்குப் போகிற மாணவர் முதல் வாரத்திலேயே ஒரு சொல்லைக் கற்றுக்கொண்டு வருகிறார்: 'டிஃபால்ட்டர்'. மருந்தைப் பாதியில் விட்டவருக்கு அந்தப் பெயர். கேஸ் ஷீட்டில் அதை எழுதியதும் ஒரு நிம்மதி வந்துவிடுகிறது, ஏதோ காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டதுபோல. தயவுசெய்து அந்தச் சொல்லை எழுதாதீர்கள். மருந்து எந்த நாளில் நின்றது, எதனால் நின்றது என்று எழுதுங்கள். மாவட்ட மனநலத் திட்டம் 1996-இல் தொடங்கியபோது மருத்துவரோடு சமூகப் பணியாளரையும் குழுவில் சேர்த்தது இதைப் போன்ற வேலைக்குத்தான்.

ஏற்காட்டு மலையையே எடுத்துக்கொள்வோம். எஸ்டேட் லைன் வீட்டில் இருப்பவர் 20 கொண்டை ஊசி வளைவு இறங்கி வந்து, ஓ.பி. சீட்டு வாங்கி, வரிசையில் நின்று, மாத்திரை வாங்கிக்கொண்டு மறுபடி மலை ஏறினால் அன்றைய கூலி போயிற்று. கூட வந்தவர் கூலியும் போயிற்று. இரண்டு பேருக்கு பஸ் செலவு, மத்தியானச் சோறு. இலவச மாத்திரையின் விலை இதுதான். மார்கழி, தையில் காப்பிப் பழம் பறிப்பு மும்முரமாக இருக்கும். வருடத்தில் கையில் காசு புரளும் நாட்கள் அவை. அந்த மாதத்தில் தேதி கொடுத்தால் வர மாட்டார்கள் என்பது கார்த்திகையிலேயே நமக்குத் தெரிய வேண்டும். மருத்துவரிடம் சொல்லி இரண்டு மாத மாத்திரை வாங்கித் தரலாம். பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே கிடைக்க ஏற்பாடு செய்யலாம். இரண்டு முதல் நான்கு வாரத்துக்கு ஒரு முறை போடும் ஊசி பொருந்துமா என்று கேட்கலாம். ஒரு எச்சரிக்கை: சாக நினைக்கும் எண்ணம் உள்ளவர் வீட்டில் மொத்தமாக மாத்திரை இருக்கக் கூடாது. அவருக்கு ஒரு வார அளவு மட்டும், அதுவும் இன்னொருவர் பூட்டி வைத்துத் தர வேண்டும். வயலுக்கு வாங்கிய பூச்சிமருந்தும் அதே பூட்டுக்குள் போக வேண்டும்.

டிஸ்சார்ஜ் ஆன ஒரு வாரத்துக்குள் முதல் முறை வீட்டுக்குப் போய்விடுங்கள். அரசு ஜீப்பை வாசலில் நிறுத்தாதீர்கள். லைன் முழுவதும் எட்டிப் பார்க்கும். தள்ளி நிறுத்திவிட்டு, வேலை முடிந்து ஆட்கள் திரும்பும் நேரத்தில் நடந்து போங்கள். மாத்திரை அட்டையை வாங்கிக் கையில் வைத்து எண்ணுங்கள். தினம் ஒன்று என்று 30 கொடுத்து 18 நாள் ஆகியிருந்தால் 12 இருக்க வேண்டும். 20 இருந்தால், "ஏன் சாப்பிடலை?" என்று கேட்காதீர்கள். அது அதட்டலாகக் கேட்கும். "இந்த மாத்திரை போட்டா உடம்புக்கு என்ன பண்ணுதுங்க?" என்று கேளுங்கள். கை நடுங்குகிறது, நாக்கு தடிக்கிறது, கழுத்து இறுகுகிறது, மாதவிலக்கு நின்றுவிட்டது என்று அப்போதுதான் வெளியே வரும். இவை அத்தனைக்கும் மருத்துவரிடம் வழி உண்டு. ஆனால் மூன்று நிமிட ஓ.பி.யில் யாரும் சொல்ல மாட்டார்கள். செவ்வாய்ப்பேட்டை கொலுசுப் பட்டறையில் நெருப்புக்கு முன்னால் உட்காருகிறவரும், விசைத்தறியில் ராத்திரி ஷிப்ட் பார்க்கிறவரும் தூக்கக் கலக்கத்துக்குப் பயந்தே மாத்திரையை நிறுத்துகிறார்கள். அந்தப் பயம் நியாயமானது. வேளையை மாற்ற முடியுமா என்று கேட்டுச் சொல்வது நம் பொறுப்பு.

மனநிலை அளவுக்கு மீறி ஏறி இறங்கும் பைபோலார் நோய்க்குத் தரும் லித்தியம் மாத்திரை சாப்பிடுகிறவரைத் தனியாகக் கவனிக்க வேண்டும். இரத்தத்தில் அதன் அளவு பொதுவாக லிட்டருக்கு 0.6 முதல் 1.2 மில்லிமோல் வரை இருக்க வேண்டும் என்பார்கள். கடைசி வேளை சாப்பிட்டு 12 மணி நேரம் கழித்து இரத்தம் எடுத்தால்தான் அந்தக் கணக்கு சரி. இங்கே நடப்பது என்ன? டெஸ்ட் நாளன்று தவறக் கூடாதே என்று வீட்டார் காலை ஆறு மணிக்கு மாத்திரையைக் கொடுத்து பஸ் ஏற்றுகிறார்கள். பத்து மணிக்கு எடுத்த இரத்தத்தில் அளவு கூடுதலாகத் தெரிகிறது. டோஸ் குறைகிறது. சில வாரத்தில் நோய் திரும்புகிறது. "இரத்தம் எடுத்த பிறகுதான் காலை மாத்திரை" என்ற ஒரு வரியைச் சீட்டின் மேல் பெரிதாக எழுதிக் கொடுங்கள். சேலத்துச் சித்திரை வெயிலில் வியர்வை கொட்டும்போதும், வாந்தி பேதி வந்தாலும், இடுப்பு வலிக்கு மெடிக்கலில் டைக்ளோஃபெனாக் வாங்கிப் போட்டாலும் லித்தியம் உடம்பில் ஏறும். கை பெரிதாக நடுங்கி, பேச்சுக் குழறி, நடை தள்ளாடினால் மறுநாள் வரை காத்திருக்காமல் மருத்துவமனைக்குக் கூட்டிப் போக வேண்டும்.

வீட்டாரைப் பற்றி. 1976-இல் லண்டனிலிருந்து வாகன், லெஃப் இருவரும் வெளியிட்ட ஆய்வு மனச்சிதைவு உள்ளவர்களைப் பற்றியது. ஓயாமல் குறை சொல்லும் அல்லது அளவுக்கு மீறிப் பதறும் உறவினரோடு வாரம் 35 மணி நேரத்துக்கு மேல் முகம் பார்த்துக்கொண்டே இருந்தவர்களுக்கு நோய் அதிகமாகத் திரும்பியது. தறி வீட்டுக்குள்ளேயே இருக்கிற நம் ஊரில் 35 மணி நேரம் மூன்று நாளில் தீர்ந்துவிடும். அதனால் பகலில் ஒரு இடைவெளி உண்டாக்குங்கள். அப்பாவும் மகனும் ஒரே தறியில் வேண்டாம்; நூல் கொண்டு வருவது, கடைக்குப் போவது என்று இரண்டு மணி நேரம் பிரித்து வையுங்கள். ஆனால் குடும்பத்தைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற வேண்டாம். 1950-களிலேயே அமிர்தசரஸ் மருத்துவமனையில் டாக்டர் வித்யா சாகர் உறவினர்களைக் கூடாரத்தில் தங்க வைத்து, பராமரிப்பில் சேர்த்துக்கொண்டார். பார்த்துக்கொள்ள வேறு யாரும் இல்லாத நாட்டில் அவர்கள்தான் நம் குழு.

"காத்துக் கருப்பு" என்று சொல்லிக் கோயிலுக்குப் போகிறார்கள் என்றால் தடுக்காதீர்கள். விரதத்துக்கு மாலை போடும் நாளை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். மருந்து நிற்கும் தேதி பெரும்பாலும் அதுவாகத்தான் இருக்கும். சங்கிலியால் கட்டி வைக்கிற விஷயம் வேறு. ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், மனநோயாளிகளை வைத்திருந்த காப்பகத்தில் 2001 ஆகஸ்ட் 6 அன்று தீயில் 28 பேர் இறந்தார்கள். கட்டிப் போட்டிருந்ததால் ஓட முடியவில்லை. மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017, பிரிவு 95, எந்த விதத்திலும் சங்கிலி கூடாது என்கிறது. அதே சட்டத்தின் பிரிவு 115-ஐயும் வீட்டாருக்குச் சொல்லுங்கள். தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கருதப்படுவார், வேறுவிதமாக நிரூபிக்காத வரை அவரைத் தண்டிக்கக் கூடாது. போலீஸ் கேஸுக்குப் பயந்து "வயித்து வலி" என்று பொய் சொல்லிச் சேர்ப்பதால்தான் மனநல மருத்துவர் பார்க்காமலே பலர் வீடு திரும்புகிறார்கள்.

ஊனமுற்றோர் சான்றிதழுக்கு நாம் எழுதும் குறிப்பில்தான் அதிகம் தவறு நடக்கிறது. தன்னைப் பார்த்துக்கொள்வது, பிறரோடு பழகுவது, பேசிப் புரிந்துகொள்வது, வேலை என்று நான்கு தலைப்பு. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை மதிப்பெண்; சிரமமே இல்லை என்றால் 0. நோய் எத்தனை காலம் என்பதற்கும் மதிப்பெண் உண்டு. 40 சதவீதம் வந்தால்தான் பெரும்பாலான சலுகைகள். "குளிப்பாரா அம்மா?" "குளிப்பானுங்க." உடனே பூஜ்யம் போட்டுவிடாதீர்கள். "நீங்க சொல்லாட்டி?" "சொல்லாட்டி எங்க குளிக்கிறது, நான்தான் தண்ணி மொண்டு ஊத்தணும்." முதல் பதிலுக்கும் இரண்டாவது பதிலுக்கும் நடுவில் ஒரு குடும்பத்தின் சான்றிதழ் இருக்கிறது. போன மாதத்துச் சாதாரண நாள் ஒன்றைக் காலையிலிருந்து இரவு வரை சொல்லச் சொல்லிக் கேளுங்கள்.

கிளம்பும் முன் இரண்டு வேலை. ராத்திரி தூக்கம் இரண்டு நாள் தொடர்ந்து கெட்டால் போன் செய்யச் சொல்லி, உங்கள் எண்ணையும் 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவித் தொலைபேசி) எண்ணையும் எழுதிக் கொடுங்கள். சுவரில் தொங்கும் நாட்காட்டியில் அடுத்த தேதியைக் குறித்துவிடுங்கள். அதன் மேல் மாத்திரை என்றோ ஊசி என்றோ எழுத வேண்டாம், வருகிறவர் போகிறவர் படிப்பார்கள். ஒரு வட்டம் போதும்.